‘லெட் த புல்லட்ஸ் ஃப்ளை’: விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்?

ஜியாங் வென் இயக்கி 2010 டிசம்பரில் வந்த சீனப் படம். கதை நடப்பது 1920 வாக்கில். காசு கொடுத்து அதிகாரி பதவி வாங்கியவனைப் பிடித்த கொள்ளைக்காரன், தானே அதிகாரியாக ஊருக்குள் போகிறான். அங்கே எல்லாவற்றையும் கையில் வைத்திருக்கும் பெரும்புள்ளியாக நடித்திருப்பவர் சௌ யுன்-ஃபாட். வந்த கேள்விகளில் சில:

கேள்வி: விமர்சகர்களுக்கும் பிடித்ததா, கூட்டம் மட்டும்தானா?

இரண்டும். ஜியாங் வென் ஏற்கெனவே விமர்சகர்களின் செல்லப்பிள்ளை. 2000இல் கான் விழாவில் கிராண்ட் பிரி வாங்கியவர். ஆனால் 2007இல் எடுத்த படம் பலருக்குப் புரியவே இல்லை, வசூலும் படுத்தது. அப்படிப்பட்டவர் 60 கோடி யுவானைத் தாண்டி வசூலித்ததுதான் ஆச்சரியம்.

கேள்வி: வெறும் காமெடியில் அரசியலைத் தேடுகிறார்களே, கொஞ்சம் அதிகமில்லையா?

சில இடங்களில் அதிகம்தான். முதல் காட்சியில் குதிரைகள் ரயிலை இழுத்து வரும். சீனத்தில் குதிரை ‘மா’, ரயில் ‘லியே-ச்செ’. ‘மா-லியே’ என்றால் மார்க்ஸ்-லெனின் என்பதன் சுருக்கமும்கூட. உடனே பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அது சந்தேகம்தான்.

ஆனால் வரி விஷயம் தற்செயல் இல்லை. முன்பிருந்த அதிகாரிகள் அடுத்த 90 வருட வரியையும் இப்போதே வசூலித்துவிட்டார்கள், அதாவது 2010 வரைக்கும் என்று படத்திலேயே வசனம் வருகிறது. படம் வெளியான வருடம் எது? அப்புறம் அரசியல் இல்லை என்று எப்படிச் சொல்வது! சென்சாரைத் தாண்டி இது எப்படி வந்தது என்றே பலர் வியந்தார்கள்.

கேள்வி: சப்டைட்டிலோடு பார்த்தேன், சிரிப்பே வரவில்லை. என் கோளாறா?

இல்லை. வெளிநாட்டு விமர்சகர்களிலும் பலர் இதையே சொன்னார்கள். துப்பாக்கியைவிட வசனம் வேகமாகப் பாய்கிற படம்; ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் மூன்று வரி ஓடிவிடும். எல்லோரும் சீனம் பேசும் அறையில், ‘ஆச்சரியம்’ என்ற ஒரே சொல்லை “மொழிபெயர்த்துச் சொல், மொழிபெயர்த்துச் சொல்” என்று ஆலோசகரை (பதவியைக் காசுக்கு வாங்கிய அந்த ஆள்தான், நடித்தவர் கெ யோ) குடைகிற காட்சி சீன இணையத்தில் இன்றும் மீம். நமக்கு அதில் பாதிதான் வந்து சேரும். இரண்டாவது முறை பாருங்கள், கதை தெரிந்திருப்பதால் முகங்களைக் கவனிக்கலாம். கெ யோவின் முகம் ஒன்றே போதும்.

கேள்வி: அடுத்த பாகம் உண்டா?

கதைத் தொடர்ச்சி இல்லை. 2014இல் ஆங்கிலத் தலைப்பில் மட்டும் ஒட்டிக்கொண்டு ‘கான் வித் த புல்லட்ஸ்’ வந்தது. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது.

கேள்வி: குழந்தைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். தான் சாப்பிட்டது ஒரே கிண்ணம்தான், இரண்டு இல்லை என்று நிரூபிக்க ஒருவன் வயிற்றைக் கிழித்துக் காட்டுகிறான்.