தியானம் செய்ய நேரமே இல்லை, அன்றாட வேலைக்கு நடுவில் பௌத்த விழிப்புணர்வைப் பழக முடியுமா?

முடியும், சொல்லப்போனால் அங்கேதான் பழகவேண்டும். இதற்குப் பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் 'சதி' என்று பெயர். வடமொழி 'ஸ்மிருதி'தான் அது, நினைவில் வைத்திருப்பது என்று பொருள். விழிப்புணர்வு பற்றிய 'சதிபட்டான சுத்த' என்ற போதனையில் புத்தர் மூச்சைக் கவனிப்பதோடு நிறுத்தவில்லை. நடப்பது, துணி உடுத்துவது, சாப்பிடுவது, ஏன், மலம் கழிப்பதைக்கூட அறிந்து செய் என்கிறார், ஆக நேரமில்லை என்ற சாக்குக்கு இடமே இல்லை!

வியட்நாம் துறவி திக் நியட் ஹான் 1982-இல் பிரான்ஸில் தொடங்கிய பிளம் வில்லேஜ் என்ற மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மணி அடித்தால், அது தொலைபேசி மணியாக இருந்தாலும் சரி, எல்லோரும் கைவேலையை நிறுத்திவிட்டு மூச்சைக் கவனிப்பார்கள். நான் அதைத்தான் பிடித்துக்கொண்டேன். போன் அடித்ததும் பாய்ந்து எடுக்காமல் மூன்று மூச்சு விட்டுவிட்டு எடுக்கிறேன்.

அப்புறம் பாத்திரம் கழுவும்போது தண்ணீரின் குளிர்ச்சி, கையில் வழுக்கும் நுரை, தட்டின் ஓரத்தில் காய்ந்த சாம்பார்ப் பருக்கை, இவற்றில் மட்டும் மனதை வைத்துப் பாருங்கள். அரை நிமிடத்தில் மனம் அலுவலகச் சண்டைக்கு ஓடிவிடும். ஓடட்டும், அது தோல்வி இல்லை. 'ஓ, ஓடிவிட்டது' என்று தெரிகிற அந்த நொடிதான் பயிற்சியே, திட்டிக்கொள்ளாமல் மறுபடி தட்டுக்கு வாருங்கள்.

ஒரே வாரத்தில் நிம்மதி வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்குக் கோபம் இன்னும் வருகிறது, வருவது மட்டும் கொஞ்சம் முன்னாடியே தெரிகிறது.