பேலாப்பூரில் காணாமல் போன வீடுகள்

அன்புள்ள சார்,

கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரேயா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்திருந்ததால், போன மாதம் நவி மும்பைக்கு வேலையாகப் போனபோது அங்கே அவர் வடிவமைத்த பேலாப்பூர் ஆர்ட்டிஸ்ட் வில்லேஜ் குடியிருப்பையும் எட்டிப் பார்த்தேன். படத்தில் பார்த்த ஓட்டு வீடுகள் நாலைந்துதான் கண்ணில் பட்டன. மீதியெல்லாம் இடித்துக் கட்டிய கான்க்ரீட் மாடி வீடுகள், மார்பிள் படிகள். அவர் யோசனையில் பிறந்த நவி மும்பை வந்தும் மும்பையின் நெரிசல் குறையவில்லை. நகரத் திட்டமிடலில் அவர் தோற்றுப்போனார் என்றுதானே சொல்ல வேண்டும்?

ரா.

அன்புள்ள ரா.,

நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் வீடுகளைப் பார்த்த வேகத்தில் முற்றங்களை விட்டுவிட்டீர்கள்.

1980களில் கட்டிய அந்தக் குடியிருப்பில் எந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் கிடையாது. பையனுக்குக் கல்யாணமாகி ஒரு அறை கூட்ட வேண்டுமென்றால் அடுத்த வீட்டுக்காரரிடம் அனுமதிக்குப் போய் நிற்க வேண்டாம், பக்கத்தில் இருக்கிற கொத்தனாரைக் கூப்பிட்டுக் கட்டிக்கொள்ளலாம், அதற்காகவே அப்படி வரைந்தார். உங்கள் கண்ணை உறுத்திய மார்பிள் படி அந்த ஏற்பாட்டில் வந்ததுதான். அடியோடு இடித்து மேலே மேலே ஏற்றியதில் காற்றும் வெளிச்சமும் போனது நஷ்டம், மறுக்கவில்லை. ஆனால் ஏழு வீடுகளுக்கு நடுவே 8 மீட்டருக்கு 8 மீட்டர் முற்றம், அப்படி மூன்று கூட்டம் சேர்ந்தால் 12க்கு 12இல் இன்னொன்று என்று அவர் போட்ட கணக்கு இருக்கிறதே, அதுதான் திட்டமிடல். அடுத்த முறை ஒரு சின்ன முற்றத்தில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள்.

சரி, நவி மும்பை. 1960களின் நடுவில் கட்டடக் கலைஞர் பிரவீணா மேத்தா, பொறியாளர் ஷிரிஷ் படேல் இருவரோடும் சேர்ந்து, வடக்கே நீண்டுகொண்டே போன மும்பையைக் கடலுக்கு அந்தப் பக்கம் கிழக்கே திருப்பலாம் என்று கொரேயா சொன்னார். 1970இல் புது நகரத்தைக் கட்ட சிட்கோ என்ற அரசு நிறுவனம் வந்தது, 1975 வரை அவர்தான் தலைமைக் கட்டடக் கலைஞர். அவர்கள் யோசனையின் உயிரே அரசாங்க அலுவலகங்கள் அங்கே போவதில் இருந்தது. ஆனால் மாநிலத் தலைமைச் செயலகமான மந்திராலயா மும்பையில் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. போதாக்குறைக்கு இந்தப் பக்கம், தென் மும்பையில், கடலைத் தூர்த்து நரிமன் பாயின்ட்டில் அலுவலகக் கோபுரங்களை எழுப்பினார்கள். மின்சார ரயில் நவி மும்பையின் வாஷியைத் தொட்டதே 1992இல். வேலையும் வராமல் ரயிலும் வராமல் ஜனங்கள் எப்படிக் குடிபோவார்கள்? இந்தத் தோல்வியை வரைபடத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

(பெடர் ரோடு பக்கம் கஞ்சன்ஜங்கா என்று 28 மாடியில் பணக்காரர்களுக்கான அடுக்குமாடி கட்டியவரும் இவர்தான். பேலாப்பூர் வேலையும் அதே 80களில்தான். ஊர் பார்த்து நிற்பது கஞ்சன்ஜங்காவை.)

எனக்குப் பிடித்தது கட்டப்படாத ஒன்று. மும்பை நடைபாதைகளுக்கு அவர் கொடுத்த யோசனை: ஓரமாக அரை மீட்டர் உயரத்தில் ஒரு மேடை, கூடவே தண்ணீர்க் குழாய்கள். பகலில் அதில் வியாபாரிகள் கடை போடுவார்கள், சாயங்காலம் குழாயைத் திறந்து கழுவிவிட்டால் ராத்திரி அங்கேயே ஆட்கள் படுத்துக்கொள்ளலாம். தெருவில் தூங்குகிறவனை விரட்டுவதற்கு வழி தேடாமல், அவனுக்குக் காலில் சேறு படாமல் ஓர் இடம் வரைந்து கொடுத்த ஆள். அவரைப் போய்த் தோற்றவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.