அம்புக்குறி இருந்தால் குதிரைச் சாமானா?

கேள்வி: வணக்கம் சார். சிங்கப்பூர் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017இல் மூடப்படுவதற்கு முன் என் சித்தப்பா அங்கே வாங்கிய பித்தளைப் பக்கிள் ஒன்று என்னிடம் இருக்கிறது. கொக்கியும் கண்ணியுமாக இரண்டு துண்டு, பட்டை நுழையும் இடம் இரண்டேகால் அங்குலம், பின்னால் ஓர் அம்புக்குறி. 1915இல் இங்கே நடந்த சிப்பாய்க் கலகத்தின்போது பீரங்கி சுமந்த கோவேறு கழுதையின் சேணத்தில் இருந்தது என்று சொல்லிக் கடைக்காரர் விற்றாராம். நம்பலாமா?
(வாசகர், ஈசூன்)

பதில்: கதையில் பாதி உண்மை. மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ் படையின் கோவேறு கழுதைப் பீரங்கிப் பிரிவு கலகம் நடந்த அந்த பிப்ரவரியில் நார்மண்டன் முகாமில் இருந்தது. உங்கள் பக்கிள்தான் ஒத்துழைக்க மறுக்கிறது! சேணத்துப் பக்கிள் என்றால் நடுவில் தடித்த ஊசி இருக்கும், தோல்வாரில் போட்ட ஓட்டைக்குள் அது இறங்கி உட்காரும், மிருகம் துள்ளினாலும் பிடி விடாது. கொக்கி மாட்டும் கேன்வாஸ் பட்டை மனிதன் இடுப்புக்கு உரியது. அதிலும் அகலத்தைப் பாருங்கள்: பிரிட்டிஷ் ராணுவத்தின் 1908 வடிவமைப்பு இடுப்புப் பட்டை மூன்று அங்குலம், 1937 வடிவமைப்பு இரண்டேகால். ஆக, 1915க்கு இது பிறக்கவே இல்லை என்றுதான் நான் சொல்வேன். 1941-42இல் இங்கே சண்டை போட்டவர்கள் இடுப்பில் இருந்தது இந்த வகை, போர் முடிந்தும் பல வருடம் புழங்கியது. ஆண்டு முத்திரை பெரும்பாலும் துணியில்தான் மையால் குத்தியிருக்கும். துணி மக்கிப் போனால் அதுவும் போச்சு.

அம்புக்குறிக்கு வருவோம். அது அரசாங்கச் சொத்து என்பதற்கான அடையாளம், பல நூற்றாண்டுகளாகப் போடுகிறார்கள், அதை வைத்து வயதைக் கணிக்க முடியாது. ஆனால் கூட ஏதாவது எழுத்து இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இரண்டு ‘டி’க்கு நடுவே அம்பு நின்றால் ஆஸ்திரேலியா, ‘சி’க்குள் இருந்தால் கனடா, ‘ஐ’யோடு சேர்ந்து வந்தால் இந்தியா. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால் ராணுவமே கழித்து விற்றுவிட்டது என்று அர்த்தம். விற்பவர்கள் இதை மட்டும் சொல்லவே மாட்டார்கள்.

கேள்வி: கடிவாளத்தில் பதிக்கும் வட்டப் பித்தளை வில்லை, கிரீடம் போட்டது. எந்தக் காலம்?
(வாசகி, பிடோக்)

பதில்: கிரீடத்தின் வளைவுகள் நடுவில் குழியாமல் கவிழ்த்த கிண்ணம் மாதிரி மேலேறினால், ஏறக்குறைய 1901க்கும் 1952க்கும் இடைப்பட்டது. நடுவில் நன்றாகக் குழிந்திருந்தால் எலிசபெத் ராணி காலமாக இருக்கலாம், விக்டோரியா காலத்திலும் குழிந்தது உண்டு, அதனால் பக்கத்தில் உள்ள எழுத்துகளையும் பாருங்கள். ‘வி.ஆர்.’ என்றால் 1901க்கு முன். அப்புறம், விளிம்பு மழுங்கி, மேல்தளம் மணல்மணலாக இருந்தால் பழையதை வைத்து அச்செடுத்து வார்த்த நகலாக இருக்க வாய்ப்பு அதிகம், காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: பிராஸோ பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்க்கலாமா?
(அதே வாசகி)

பதில்: வேண்டாம். முத்திரையும் சேர்ந்து தேய்ந்துவிடும். பல்குத்தும் குச்சி, மென்மையான பிரஷ், காய்ச்சி வடித்த தண்ணீர் போதும், நன்றாக உலர்த்தி வையுங்கள், நம்மூர் ஈரக்காற்றுக்குச் சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்று பெட்டியில் கிடக்கட்டும்.

கேள்வி: மெட்டல் டிடெக்டர் வாங்கிக்கொண்டு காட்டில் தேடலாமா சார்?
(மாணவர், உட்லண்ட்ஸ்)

பதில்: அனுமதி இல்லாமல் பூங்காவிலோ இயற்கைக் காப்பகத்திலோ தோண்டாதீர்கள் தம்பி. 2023 செப்டம்பரில் அப்பர் புக்கித் தீமாவில் கிடைத்தது 100 கிலோ போர்க்காலக் குண்டு. துருப்பிடித்த உருளை மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் தொடாமல் தள்ளிப்போய் 999க்கு அடியுங்கள்.