60-இல் வாங்கலாமா, 67 வரை இருக்கணுமா?

கேள்வி: லண்டனில் என்.எச்.எஸ். (பிரிட்டன் அரசு மருத்துவச் சேவை) மருத்துவமனையில் வார்டு நர்ஸாக இருக்கிறேன். 2001 ஏப்ரலில் சேர்ந்தேன். இடைவெளி இல்லாமல் முழுநேர வேலை. 1966-இல் பிறந்தவள். "67-க்கு முன்னால் பென்ஷனைத் தொட்டால் வெட்டிவிடுவார்கள்" என்கிறார்கள். ஆனால் எங்கள் சீனியர் ஒருவர் 55-லேயே முழுப் பென்ஷனோடு போனார். முட்டி வலி வேறு. நான் என்ன செய்ய?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் பெயரில் இரண்டு பென்ஷன் இருக்கிறது, சகோதரி. குழப்பமெல்லாம் அதனால்தான். 2008 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவர் என்பதால் பழையது '1995 செக்‌ஷன்'. அதை வெட்டில்லாமல் வாங்கும் வயது 60. 2022 ஏப்ரல் 1 முதல் எல்லோரையும், 2015-இல் தொடங்கிய புதிய '2015 ஸ்கீமுக்கு' மாற்றிவிட்டார்கள். அதற்கு அரசு பென்ஷன் வயதுதான், உங்களுக்கு 67. நடுவில் உள்ள 2015-2022 ஏழு வருடத்தை எதில் சேர்ப்பது என்று ஓய்வு பெறும்போது நீங்களே தேர்ந்தெடுக்கலாம். பென்ஷன் மாற்றத்தில் வயதுப் பாகுபாடு இருந்தது என்று தீர்ப்பான மெக்லவுட் வழக்கால் கிடைத்த உரிமை அது. உங்கள் சீனியர் 1995 மார்ச் 6-க்கு முன் சேர்ந்தவராக இருப்பார். 55 வயதுச் சலுகை அந்த நாளுக்குப் பின் சேர்ந்த நர்ஸ்களுக்குக் கிடையாது.

இப்போது கணக்குக்கு வருவோம். சம்பளம் 40,000 பவுண்டு என்றும், அந்த ஏழு வருடத்தையும் பழையதிலேயே வைப்பதாகவும் கொள்வோம். 2001 முதல் 2022 வரை 21 வருடம்; ஒவ்வொரு வருடத்துக்கும் சம்பளத்தில் 80-இல் ஒரு பங்கு வீதம் 10,500 பவுண்டு ஆண்டுப் பென்ஷன். அதோடு மும்மடங்கு, 31,500, வரியில்லாமல் மொத்தமாக. 60 தாண்டியும் வாங்காமல் விட்டால்? சம்பளம் ஏறினால் இதுவும் ஏறும், அவ்வளவுதான். காத்திருந்ததற்கென்று ஒரு பென்னி கூட்டித் தரமாட்டார்கள். 67 வரை விட்டால் 73,500 பவுண்டு போயே போச்சு. வெட்டுக்குப் பயந்து பலர் கோட்டை விடுவது இங்கேதான். வெட்டு விழுவது 2015 ஸ்கீமில். அதை முன்கூட்டி எடுத்தால் ஆயுளுக்கும் குறைவாகத்தான் வரும். ஆகவே 60 ஆனதும் பழையதை வாங்குங்கள், புதியதில் கை வைக்காதீர்கள்.

வேலையையும் விட வேண்டாம். 2023 அக்டோபர் 1 முதல், வேலையில் இருந்துகொண்டே பென்ஷன் வாங்கும் 'பகுதி ஓய்வு' இருக்கிறது. பென்ஷனுக்குக் கணக்கிடும் சம்பளம் முதல் 12 மாதத்துக்கு 10 சதவீதமாவது குறைய வேண்டும். வாரம் 37.5 மணி நேரத்தில் அது 3.75 மணி நேரம். மூன்று வாரத்துக்கு ஒரு லாங் டே (நீண்ட பகல் ஷிஃப்ட்) குறைந்தால் சரியாகிவிடும். உங்கள் முட்டிக்கும் நல்லது. ஆனால் ஒரு பகல் ஷிஃப்டை விட்டுவிட்டு நைட்டும் ஞாயிறும் கூடுதலாகப் போட்டால், அந்தப் படியும் கணக்கில் சேர்ந்து குறைந்தது மறுபடி ஏறிவிடும். ரோட்டா (ஷிஃப்ட் அட்டவணை) போடுபவரிடம் இதை இப்போதே சொல்லிவையுங்கள். சம்பளத்தோடு பென்ஷனும் சேர்வதால் வருமான வரி கூடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பகுதி ஓய்வுக்கு மேலாளர் சம்மதம் வேண்டும். பேச்சை எழுத்தில் தொடங்குங்கள். பென்ஷன் தானாக வராது. ஏ.டபிள்யூ.8 என்ற பென்ஷன் விண்ணப்பப் படிவத்தைக் குறைந்தது நான்கு மாதம் முன்னால் உங்கள் மருத்துவமனையின் பென்ஷன் பிரிவில் கொடுக்க வேண்டும். 2015 ஸ்கீமை எடுக்கவில்லை என்பதை அதில் தெளிவாகக் குறித்து, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.