நான் எழுதிய கமாண்ட் லைன் கருவி காட்டும் தேதியும் நேரமும் குழப்புகிறது என்கிறார்கள். எப்படிச் சரிசெய்வது?

இதே புகார் எனக்கும் வந்தது, அதுவும் வீட்டுக்குள்ளேயே. அதனால் நான் எதை எந்த வரிசையில் சரிசெய்தேன் என்பதை அப்படியே சொல்கிறேன், உங்கள் கருவிக்கு எது பொருந்துமோ எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வரி: பதிவு செய்யும்போது ஆண்டு-மாதம்-நாள், அப்புறம் 24 மணிக் கணக்கில் நேரம், கூடவே +05:30 (இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் என்பதற்கான குறி). இதை முதலில் செய்துவிடுங்கள், அழகு பார்ப்பதெல்லாம் பிறகு.

எனக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம். வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கிறேன், அப்பாவும் சித்தப்பாவும் குறுவை, சம்பா இரண்டும் பார்க்கிறார்கள். போர் மோட்டார் எப்போது ஓடியது, வாய்க்காலில் எங்கள் முறை எப்போது வந்தது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் பாய்ந்தது என்பதையெல்லாம் சித்தப்பா ஒரு நோட்டில் எழுதி வைப்பார். ஒரு ஐப்பசி மழையில் மோட்டார் கொட்டகை ஒழுகி அந்த நோட்டு மொத்தமும் ஊறிப்போன பிறகுதான் பைத்தானில் ஒரு சின்னக் கருவி எழுதினேன். மடை என்று பெயர் வைத்தேன். சித்தப்பா வயலில் இருந்தபடியே போனில் 'மடை திற' என்று செய்தி அனுப்பினால் வாடகைக்கு எடுத்த சர்வரில் தொடக்க நேரம் பதிவாகும், 'மடை அடை' என்றால் முடிவு நேரம் பதிவாகும். வீட்டு லேப்டாப்பில் 'மடை காட்டு' என்று அடித்தால் எல்லாம் வரிவரியாக வரும்.

முதலில் நான் தேதியை நம் வழக்கப்படி நாள்/மாதம்/ஆண்டு என்றுதான் அச்சிட்டேன். நாம் அப்படித்தானே எழுதுகிறோம், இதில் என்ன வந்துவிடப் போகிறது என்ற நினைப்பு. ஜூன் 12 என்பது டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த தேதி, மேட்டூர் அணையைக் குறுவைக்குத் திறக்கும் வழக்கமான நாள். 2022ல் மே 24லேயே திறந்தார்கள், 2024ல் ஜூலை 28 வரை இழுத்துவிட்டது, ஆனாலும் 'ஜூன் பன்னிரண்டு' என்றால் தண்ணீர்தான். 2025ல் அந்தத் தேதியிலேயே திறந்தார்கள். அந்த ஜூன் மாதக் கணக்கைத்தான் என் தங்கை எக்செல்லில் திறந்தாள். அவள் லேப்டாப்பில் தேதி அமைப்பு அமெரிக்க முறை. 12/06/2025 டிசம்பர் 6 ஆகிவிட்டது. 11/06 நவம்பர் 6, 10/06 அக்டோபர் 6. ஆனால் 13/06க்கு மேல் பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் எக்செல் அந்த வரிகளை வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. திரையைப் பார்த்தாலே தெரியும்: முதல் பன்னிரண்டு நாட்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கின்றன, 13லிருந்து எல்லாம் இடப்பக்கம் ஒட்டி நிற்கின்றன. பாதி தப்பாக மாறி, பாதி மாறாமலே இருந்த அந்தக் கோப்பை அவள் சேமித்தும் விட்டாள். எதிலிருந்து எதைத் திரும்ப எடுப்பது என்று ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரிபார்த்தோம்.

அதனால் 2025-06-12 என்று எழுதுங்கள். ஐஎஸ்ஓ 8601 என்ற தரம் 1988லேயே வந்தது, அதை இணையத்துக்காகச் சுருக்கி 2002ல் ஆர்எஃப்சி 3339 என்று எழுதினார்கள். இந்த வடிவத்தை வேறு மாதிரிப் படிக்க வழியே இல்லை என்பது ஒரு லாபம். இன்னொரு லாபம், எழுத்தாகவே வரிசைப்படுத்தினாலும் கால வரிசை தானாக வந்துவிடும், வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளைக்குத் தேதி என்றால் என்ன என்று தெரிய வேண்டியதில்லை. ஒன்றாம் தேதி, பத்தாம் தேதி, பதினொன்றாம் தேதி, இரண்டாம் தேதி என்று குதிக்கிற தொல்லை இல்லாமல் இருக்க மாதமும் நாளும் எப்போதும் இரண்டு இலக்கம், 6 இல்லை, 06.

சரி, அடுத்தது நேர மண்டலம். எனக்கு மிக நீண்ட நாள் தெரியாமலே கிடந்த பிழை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சித்தப்பா ஒருநாள் லேப்டாப்பைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இது நான் வெள்ளிக்கிழமை விடியக்காலை போட்டது. ஏன் வியாழக்கிழமைன்னு காட்டுது?" பார்த்தால் சர்வர் யூடிசி நேரத்தில், அதாவது உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நான் பைத்தானில் இப்போதைய நேரத்தை மண்டலம் எதுவும் சொல்லாமல் எடுத்திருக்கிறேன், அது சர்வரின் நேரத்தை அப்படியே கொடுத்திருக்கிறது. ஜூன் 20 வெள்ளி காலை 4.50 என்பது யூடிசியில் ஜூன் 19 வியாழன் இரவு 11.20. அதாவது நம் கணக்கில் நள்ளிரவு முதல் காலை ஐந்தரை வரை நடந்தது எல்லாம் முந்தைய தேதியில் போய் விழுந்திருக்கிறது. மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில் மோட்டார் ஓடுவதே அந்த நேரத்தில்தான்.

இவ்வளவு பெரிய பிழையை மாதக்கணக்கில் எப்படி யாரும் கவனிக்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். காரணம் நம் பேச்சில் இருக்கிறது. சித்தப்பாவுக்கு வெள்ளி அதிகாலை 2 மணி என்பது 'வியாழக்கிழமை ராத்திரி ரெண்டு மணி'. விடிகிற வரைக்கும் முந்தைய நாள்தான். ஆக, கருவி வியாழன் என்று தப்பாகக் காட்டியபோது அது அவர் மனக்கணக்கோடு சரியாகப் பொருந்திவிட்டது. அவருக்கு நாள் மாறுவது நான்கு மணி வாக்கில், யூடிசிக்கு நாள் மாறுவது நம் ஐந்தரைக்கு. இடையில் இருக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் போட்ட பதிவுகளில் மட்டும்தான் இரண்டும் முட்டிக்கொண்டன. அப்படிப் பதிவுகள் மாதத்துக்கு நாலைந்துதான் இருக்கும். அவர் கேட்காமல் விட்டிருந்தால் நான் இன்னமும் அப்படியேதான் ஓட்டிக்கொண்டிருப்பேன்.

இப்போது ஒவ்வொரு பதிவும் 2025-06-20 04:50:00+05:30 என்று, யூடிசியோடு உள்ள வித்தியாசம் கடைசியில் சேர்ந்தே சேமிக்கப்படுகிறது. பைத்தான் 3.9 முதல் ஜோன்இன்ஃபோ என்ற தொகுதி கூடவே வருகிறது, அதில் ஏசியா/கொல்கத்தா என்று கொடுத்தால் போதும். ஐஎஸ்டி என்ற மூன்றெழுத்தை மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள், இந்தியாவுக்கும் அதுதான், இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் அதே சுருக்கம்தான். வித்தியாசத்தை முழு எண்ணாக வைத்திருக்கும் பழைய நிரல் ஏதாவது இருந்தால் அதையும் தேடிப் பாருங்கள், நம் அரை மணி அங்கே சத்தமில்லாமல் காணாமல் போகும்.

கால அளவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதை நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். நாம் நேரத்தைப் புள்ளி வைத்து எழுதுகிறோம், பத்திரிகையிலும் அப்படித்தான்: காலை 6.30 மணி. என் கருவி ஓடிய நேரத்தைத் தசமத்தில் காட்டியது. தை மாதம் சம்பா அறுவடையில் செயின் மிஷின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் இதிலேயே பதியத் தொடங்கியிருந்தோம், மிஷினுக்கு மணிக்கணக்கில்தான் வாடகை. திரையில் 6.30 என்று வந்ததைச் சித்தப்பா ஆறரை மணி நேரம் என்று படித்து ஆறரை மணிக்குப் பணம் கொடுத்தார். தசமத்தில் 6.30 என்பது ஆறு மணி பதினெட்டு நிமிடம்தான். 5.45 என்று காட்டியதை ஐந்தே முக்கால் என்று எடுத்துக்கொண்டார், அது உண்மையில் ஐந்து மணி இருபத்தேழு நிமிடம். அவர் படித்ததில் தப்பே இல்லை, தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் அப்படித்தான் படிப்பார்கள். அன்றே '6 மணி 18 நிமிடம்' என்று மாற்றினேன். இடம் கொஞ்சம் கூடப் போகிறது, போகட்டும்.

அடுத்து மாதப் பெயரைத் தமிழில் காட்டலாமா என்ற கேள்வி. காட்டலாம், ஆனால் நடுக் கட்டத்தில் வைக்காதீர்கள். 'ஜூன்' என்பது நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு தரத்தில் அது ஜ, ஊகாரக் குறி, ன, புள்ளி என்று நான்கு குறியீடுகள், அவற்றைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் பன்னிரண்டு பைட். 'செப்டம்பர்' என்றால் பத்துக் குறியீடு, முப்பது பைட். பத்து எழுத்து அகலத்துக்கு இடைவெளி விட்டு நிரப்பு என்று நீங்கள் சொன்னால் ஒரு நிரல் பைட்டை எண்ணுகிறது, இன்னொன்று குறியீட்டை எண்ணுகிறது, டெர்மினல் மூன்றாவதாக ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறது, கட்டங்கள் எல்லாம் வரப்பு உடைந்த மாதிரி ஓடிவிடும். நான் இரண்டு நாள் இதோடு மல்லுக்கட்டிவிட்டு எளிய வழிக்கு வந்தேன்: எண் உள்ள கட்டங்கள் எல்லாம் இடப்பக்கம், வெறும் தமிழ்ச் சொற்கள் எல்லாம் வரியின் கடைசியில். கடைசிக் கட்டத்துக்கு அகலம் தேவையில்லை.

'3 நாள் முன்பு' மாதிரி காட்டுவது பலருக்குப் பிடிக்கிறது, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியிலும் அந்த வசதி இருக்கிறது. எனக்கு அது பதிவேட்டில் பிடிக்காது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும், அதற்குப் பிறகு வெண்ணாற்றில் பிரிந்து எங்கள் வாய்க்காலுக்கு வர வேண்டும், முறை வைத்து விடும்போது எந்த நாள் எந்த மணி என்பதுதான் பேச்சே. அங்கே போய் 'மூன்று நாள் முன்பு' என்று காட்டும் வரியை நாளைக்கு யாராவது படம் பிடித்து அனுப்பினால் அது எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. கடைசியாக மோட்டார் எப்போது ஓடியது என்று கேட்கும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் வைத்திருக்கிறேன், அங்கேயும் பக்கத்தில் முழுத் தேதி உண்டு. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை ஆறு மாதத்துக்கு உட்பட்ட கோப்புக்கு மணியும், பழைய கோப்புக்கு ஆண்டும் காட்டுகிறதே, அந்த மாதிரி ஒரே கட்டத்தில் பொருள் மாறுவதையும் நான் தவிர்க்கிறேன். அதற்கே கூட டைம்-ஸ்டைல் என்று ஒரு விருப்பம் கொடுத்து, லாங்-ஐஎஸ்ஓ என்று போட்டால் எல்லாம் ஒரே மாதிரி வரும்படி வைத்திருக்கிறார்கள்.

விருப்பங்களை அள்ளிக் குவிக்காதீர்கள். வடிவத்தை மாற்ற ஒரு விருப்பம் போதும், அதற்கு ஸ்ட்ரெஃப்டைம் முறையில், அதாவது ஆண்டு, மாதம் என ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்துக் குறி வைத்து, வடிவம் கொடுக்கட்டும், தெரிந்தவர்கள் பயன்படுத்திக்கொள்வார்கள். உதவிப் பக்கத்தில் இரண்டு எச்சரிக்கை மட்டும் போடுங்கள். சின்ன எம் மாதம், பெரிய எம் நிமிடம், மாற்றிப் போட்டால் பிழை எதுவும் வராமலே தப்பு நடக்கும். ஆண்டுக்குப் பெரிய ஒய் போட வேண்டும், பெரிய ஜி போட்டால் அது வாரக் கணக்கு ஆண்டு, 2024 டிசம்பர் 30 அன்று 2025 என்று காட்டும். வருடம் முழுக்க ஒழுங்காக ஓடிவிட்டு ஓரிரு நாள் மட்டும் தப்பும், அதனால் உங்கள் சோதனைகளில் அந்தத் தேதியைக் கட்டாயம் சேருங்கள். இரவு 11:50க்குத் திறந்து 00:20க்கு அடைத்த பதிவு ஒன்றையும் சேருங்கள், அரை மணி வர வேண்டும்.

உள்ளே வாங்கும் தேதியில் கண்டிப்பாக இருங்கள். 'இன்று', 'நேற்று' இரண்டையும் என் கருவி ஏற்கும், 12/06 என்று கொடுத்தால் ஏற்காது, ஜூன் 12ஆ டிசம்பர் 6ஆ என்று திருப்பிக் கேட்கும். தங்கைதான் அதை அப்படி எழுதச் சொன்னாள்.

கடைசியாகச் சித்தப்பாவின் 'ராத்திரி ரெண்டு மணி'. எண் சரியாக வந்துவிட்டது, ஆனால் 2025-06-20 02:00 என்பதைப் பார்த்து அவர் வெள்ளி ராத்திரி என்று நினைத்துவிடக் கூடாது, வியாழன் என்று மட்டும் போட்டால் தங்கைக்குக் குழப்பம். எப்படிப் போடட்டும் என்று அவரிடமே கேட்டேன். "வியாழக்கிழமை ராத்திரி, விடிஞ்சா வெள்ளின்னு போடு" என்றார். நான்கு மணிக்கு முந்தைய பதிவுகளுக்கு அதையே வைத்துவிட்டேன், இப்போது 'மடை காட்டு' என்றால் இப்படி வருகிறது:

2025-06-20 02:00 | 1 மணி 25 நிமிடம் | மேலவயல் | வியாழன் இரவு, விடிந்தால் வெள்ளி
2025-06-20 04:50 | 0 மணி 40 நிமிடம் | கீழவயல் | வெள்ளி விடியற்காலை