பல் கறையை விடுங்கள், மாமனாரின் செருப்பைக் கவனியுங்கள்

பாலக்கோட்டுச் சகோதரிக்கு,

உங்கள் மகள் முடங்கிப்போக மாட்டாள். நீங்கள் கேட்க வந்தது இதைத்தான்.

அவள் வகுப்பில் பாதிப் பேருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கிறதாம். குடிக்கிற நிலத்தடி நீரில் ஃபுளோரைடு என்ற உப்பு கூடினால் வருகிற கறை அது. உடனே 'பத்து வருடத்தில் தருமபுரிப் பிள்ளைகள் எல்லாருக்கும் கூன் விழும்' என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் கிளப்பிவிட்டார். ஏரியில் நிற்கிற தண்ணீரைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு மழை பெய்தது என்பாரா அவர்? இப்போது எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது ஒரு கணக்கு. இந்த வருடம் புதிதாக எத்தனை பேருக்கு வந்தது என்பது வேறு கணக்கு. பல் கறை தானாகப் போகாது. அதனால் முதல் கணக்கில் பழசெல்லாம் சேர்ந்தே நிற்கும். ஒன்பது வயதுப் பெண்ணின் முன்பல்லில் தெரிவது, மூன்று நான்கு வயது வரை அவள் குடித்த தண்ணீர். காவிரித் தண்ணீர் தருகிற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-லேயே வந்தும் உங்கள் வீட்டில் போன வருடம் வரை போர் தண்ணீர்தான் என்கிறீர்கள். சரி, இனி குடிக்க, சமைக்க ஒகேனக்கல் தண்ணீர் மட்டும். போர் தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். கால்சியம் மாத்திரை கறையை எடுக்காது. பாலும் ராகிக் களியும் கொடுங்கள், போதும்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மாமனாருக்கு வயது 62, பல வருடமாக முதுகு விறைப்பு, 'இங்கே வயசானவர்கள் எல்லாருக்கும் இப்படித்தான்', இப்போது நடக்கும்போது செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை.

அவசரம் இதில்தான். செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால், காலில் உணர்வு குறைகிறது என்று அர்த்தம். பல வருட ஃபுளோரைடு எலும்பைத் தடிக்க வைத்து, முதுகெலும்பின் தசைநார்களை இறுக்கி, தண்டுவடத்தை நெரிக்கலாம். ஆனால் ஊரில் பலருக்கு இருப்பதால் இவருக்கும் அதுதான் என்று முடிவு கட்டாதீர்கள். முதுகெலும்பு டிபி, ஜவ்வு விலகல், பி12 குறைவு, சர்க்கரை என எதுவாகவும் இருக்கலாம். ஊர்க் கணக்கை வைத்து ஓர் ஆளின் நோயைச் சொல்ல முடியாது. இந்த வாரமே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். நரம்புப் பரிசோதனையும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.யும் செய்வார்கள். சிறுநீர் அடைத்தாலோ, தெரியாமல் போனாலோ, கால் சட்டென்று தளர்ந்தாலோ விடியும் வரை காத்திருக்கக் கூடாது. நெட்டி எடுக்கிறேன், முதுகில் மிதிக்கிறேன் என்று யாரையும் கிட்டே விடாதீர்கள்.

அப்புறம், மாமனார் மெடிக்கலில் கேட்டு வாங்கித் தினமும் போடுகிற வலி மாத்திரை. உடம்பிலிருந்து ஃபுளோரைடு வெளியேறுவது பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக. பல வலி மாத்திரைகள் தினமும் போட்டால் கெடுக்கக்கூடியதும் சிறுநீரகத்தைத்தான். நிறுத்திவிட்டு, அட்டையைக் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.