தாத்தாவின் சவரக்கத்திக்கு மரப் பிடி

கேள்வி: தாத்தாவின் பழைய மடக்கு சவரக்கத்தி கிடைத்திருக்கிறது. அலகில் துரு, பிடி வெடித்துவிட்டது. நானே மரத்தில் பிடி செய்து போட்டு, அதில் சவரமும் செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் மரம் தேடும் முன் அலகைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கூர் ஓரத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அந்தக் கத்தி அலமாரிக்குத்தான், முகத்துக்கு வேண்டாம். ஓரத்தை ஒட்டிய துருக்குழிகளும் ஆபத்து; தீட்டத் தீட்ட அங்கேதான் பொரிந்து உதிரும். முதுகுப் பக்கத்துக் குழியால் அழகு மட்டும்தான் கெடும்.

பழைய பிடியில் காரமான வாடை அடித்தால் அது செல்லுலாய்டாக, அதாவது பழைய காலத்து பிளாஸ்டிக்காக இருக்கலாம். மட்கும் செல்லுலாய்டு அமில ஆவி விட்டு இரும்பை அரிக்கும், எளிதில் தீயும் பிடிக்கும். உடனே கழற்றிவிடுங்கள்.

துருவைக் கையால்தான் எடுக்க வேண்டும். எண்ணெய் விட்டு, 600ஆம் எண் சொரசொரப்பில் தொடங்கி 2000 வரை வாட்டர் பேப்பர். முதுகிலிருந்து ஓரத்தை நோக்கி மட்டும் தேயுங்கள். மோட்டார் சக்கரம் வேண்டவே வேண்டாம். மெல்லிய ஓரம் நொடியில் சூடேறிவிடும். நீலம் பாய்ந்தால் பதம் போச்சு.

பிடிக்கு ஈட்டி, கருங்காலி போல இழை நெருங்கிய, நன்றாகக் காய்ந்த மரம் எடுங்கள். சுமார் 3 மி.மீ. கனத்தில் இரண்டு பட்டைகள். இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, ஒன்றாகவே அறுத்துத் துளையிட்டால் துளைகள் பிசகாது. ஆணிக்கு 1.6 மி.மீ. பித்தளைக் கம்பி போதும். உட்பக்கத்துக்கும் இப்போதே வார்னிஷ் அடித்துவிடுங்கள், பிறகு கை நுழையாது.

பலரும் கோட்டை விடுவது, பிடியின் வால் முனையில் இரு பட்டைகளுக்கும் நடுவே வைக்கும் ஆப்பில்தான். அது அலகை நோக்கி மெலிந்துகொண்டே போக வேண்டும். அப்போதுதான் பட்டைகள் லேசாக வளைந்து, கத்தியின் காலை (ஆணி நுழையும் அடிப்பகுதியை) இறுக்கிப் பிடிக்கும். மடிக்கும்போது ஓரம் ஒரு பக்கப் பட்டையில் உரசுகிறதா? முதலில் ஆப்பைச் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் கனம் கூடியிருக்கும். ஆணி அடிக்கும் முன் சின்னத் திருகும் நட்டும் போட்டு ஒத்திகை பார்ப்பது இதற்காகத்தான்.

அப்புறம் ஆணி. வாஷருக்கு வெளியே ஒரு மி.மீ.க்கும் குறைவாகக் கம்பியை விட்டு, உருண்டைத் தலைச் சுத்தியலால் இரு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் கம்பி உள்ளே வளையும், மரமும் பிளக்கும்.

தீட்டுவது கடைசி வேலை. முதுகும் ஓரமும் சேர்ந்தே கல்லில் படிய வேண்டும். கோணத்தை முதுகே பார்த்துக்கொள்ளும். 1000, 4000, 8000 எண் கற்கள், பிறகு தோல் வார். வாரில் இழுக்கும்போது முதுகு முன்னால் போகட்டும், இல்லாவிட்டால் தோல் அறுந்துவிடும்.